தபால் தலைகளும் நம் இல்லத்துச் சரித்திரமும்

சரித்திரம் என்றால் கோட்டையும் கொத்தளமும், மன்னரும் போருமே என்று கருதுவது நம்மவரிடையே வழக்கமாயிருக்கிறது. நாமக்கல்லுக்கு வரும் விருந்தினருக்கு நாம் மலைக்கோட்டையைக் காட்டுகிறோம். அதியர் மரபினர் குடைவித்த நரசிங்கப் பெருமான், அரங்கநாதப் பெருமான் கோயில்களைக் காட்டுகிறோம். ‘எம் ஊரின் பழமை இது’ என்று பெருமிதம் கொள்ளுகிறோம். அப்பெருமிதம் தகுதியானதே. ஆயினும், அம்மலையைச் சுற்றியுள்ள ஊர்களில், நம்மவர் வீட்டுப் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் மற்றொரு சரித்திரம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. பாட்டனார் காலத்துக் கடிதங்களும், அவற்றின் உறைகளும், உறைகளின்மேல் ஒட்டிய தபால் தலைகளும், அத்தலைகளின்மேல் விழுந்த முத்திரைகளுமே அச்சரித்திரம். கல்லில் வெட்டியதை மழை எளிதில் அழிக்கமாட்டாது. காகிதத்தில் எழுதியதையோ கறையானும், பழைய காகித வியாபாரியின் தராசும் ஒரே நாளில் அழித்துவிடும்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதும், பாகப்பிரிவினை நடக்கும்போதும், இவ்வுறைகள் கட்டுக்கட்டாக எடைக்குப் போடப்படுகின்றன. இஃது ஒரு தீங்கு. ‘பழைய தபால் தலை ஒன்றுக்கு லக்ஷக்கணக்கில் விலை’ என்று எவரோ சொல்லக் கேட்டு, ஒன்றும் பெறாதவற்றைப் பெரும்பணம் கொடுத்து வாங்கி ஏமாறுவது மற்றொரு தீங்கு. அறியாமையால் எறிதலும் ஆசையால் ஏமாறுதலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. இவ்விரண்டையும் நீக்குவதற்கு விஷயத்தை உள்ளபடி அறிவதே வழியாதலின், தபால் தலைகளின் வரலாற்றையும், முதல் நாள் உறை என்பதன் இயல்பையும், அவற்றின் மதிப்பை அறியும் முறையையும், நம் சேலம் நாமக்கல் சமவெளியோடு அவற்றுக்குள்ள தொடர்பையும் இவ்வியாசத்தில் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தபால் வந்த வரலாறு

சென்னையில் பெரிய தபால் நிலையம் 1786-ஆம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி ஏற்பட்டது. அதற்கு ஆறு வருஷங்களுக்குப் பின்னர், 1792-இல், திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் கும்பினியார் வசமாயின. கும்பினி ஆட்சி சென்ற இடமெல்லாம் தபாலும் பின்தொடர்ந்தது. தோளில் பையும் கையில் சலங்கை கட்டிய ஈட்டியுமாகத் தபால் ஓட்டக்காரர்கள் காடும் மேடும் கடந்து ஓடிய காலம் அது. ஓர் ஓட்டக்காரர் தம் எல்லைவரையில் ஓடி, அங்கே காத்திருப்பவரிடம் பையை ஒப்புவிப்பார். அவர் அடுத்த எல்லைக்கு ஓடுவார்.

அக்காலத்தில் தபால் தலை என்பது கிடையாது. கூலி தூரத்தையும் எடையையும் பொறுத்தது. 1837-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதத்துக்கு ஒரு ரூபாய் கூலி. இன்றைய நிலையில் ஒரு ரூபாய் அற்பமே. அன்றோ, ஏழை ஒருவன் பல நாள் உழைத்துப் பெறும் பொருள் அது. ஆதலின் கடிதம் எழுதுதல் ஸர்க்கார் உத்தியோகஸ்தர்க்கும் பெரு வணிகர்க்கும் மட்டுமே உரியதாயிருந்தது. குடியானவன் தன் செய்தியை உறவின்முறையாரிடமும் சந்தைக்குப் போவாரிடமும் வாய்மொழியாகவே சொல்லியனுப்பினான்.

இந்நிலையை மாற்றிய எண்ணம் இங்கிலாந்தில் பிறந்தது. ரோலண்ட் ஹில் என்பவர், கூலியை அனுப்புவோரே முன்பணமாகக் கட்டவேண்டும், தூரம் எதுவாயினும் ஒரே விலை வேண்டும் என்று வாதாடினார். அதன் பயனாக 1840-ஆம் வருஷம் மே மாதத்தில் உலகின் முதல் தபால் தலை வெளிவந்தது. கறுப்பு நிறத்தில் விக்டோரியா ராணியின் தலை பொறித்த அவ்வொரு பென்னித் தபால் தலையைக் ‘கறுப்புப் பென்னி’ என்பர். நம் தேசத்தில் முதன்முதல் சிந்து மாகாணத்துக் கமிஷனர் பார்ட்டில் பிரீயர் துரை 1852-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி அரையணாத் தபால் தலையை வெளியிட்டார். ஆசியாக் கண்டத்திலேயே முதலாவது அது. செவ்வரக்கில் அழுத்திய தலைகள் எளிதில் நொறுங்கிப் போயின. பின்னர் வெண்மையிலும் நீலத்திலும் காகிதத்தில் அச்சிட்டனர். நொறுங்கியமையாலேயே எஞ்சிய செவ்வரக்குத் தலைகள் இன்று அரிய பொருளாயின.

தேச முழுதுக்கும் பொதுவான தபால் தலைகள் 1854-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி முதல் வழங்கின. டல்ஹௌஸி பிரபு கவர்னர் ஜெனரலாயிருந்த காலம் அது. கால் தோலாவுக்கு, அஃதாவது ஏறக்குறைய மூன்று கிராமுக்கு, மேற்படாத கடிதம் இந்தியாவுக்குள் எவ்வளவு தூரம் சென்றாலும் அரையணாவே கூலி என்று விதித்தனர். முன்பணம் கட்டாத கடிதத்துக்கு இருமடங்கு வாங்கினர். அரையணா நீலம், ஓரணா சிவப்பு, நாலணா சிவப்பும் நீலமும் கலந்தது என இவை கல்கத்தாவில் நில அளவைக் காரியாலயத்தில் காப்டன் துயில்லியர் மேற்பார்வையில் கல்லச்சில் அச்சாயின. பல் விளிம்பு இல்லாத இத்தலைகளைக் கத்தரிக்கோலால் வெட்டியே ஒட்டினர். நாலணாத் தலையை இருமுறை அச்சேற்ற வேண்டியிருந்தது. சில தாள்கள் தலைகீழாக அச்சேறியமையால், சிவப்புச் சட்டத்தினுள் ராணியின் நீலத் தலை கவிழ்ந்து நின்றது. அப்பிழையுள்ளவை மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அச்சுக்காரன் வெட்கப்பட்டிருக்க வேண்டிய பிழையே பிற்காலத்தார்க்குப் பெருநிதியாயிற்று!

1879-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி காலணாக் கார்டு வந்தது. ஏழையின் கையிலும் தபால் எட்டியது அன்றுதான் எனலாம். எழுத்தறியாத தாய்மாரும் ஊர்க் கணக்கரிடமோ பள்ளிக்கூட உபாத்தியாயரிடமோ சொல்லி எழுதுவித்து, தூரதேசம் சென்ற மகனுக்குக் காலணாவில் தம் மனத்தை அனுப்பினர்.

சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைக்குச் சென்ற இருப்புப்பாதை 1862-இல் நிறைவெய்தியது. அது சேலம், சங்ககிரி, ஈரோடு வழியே சென்றதேயன்றி நாமக்கல்லைத் தொடவில்லை. சேலம் கரூர் பாதை திறந்து, நாமக்கல்லில் ரயில் நின்றது 2013-ஆம் வருஷத்தில்தான். அவ்வளவு காலமும் நம் ஊர்களின் தபால் சாலை வழியாகவே வந்தது. அதே 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இந்தியாவில் தந்தி சேவை முற்றுப்பெற்றது. ஒரு வசதி வந்த வருஷத்திலேயே மற்றொன்று விடைபெற்றது. வழக்கத்தில் உள்ளபோது ஒரு பொருளை எவரும் பேணுவதில்லை. போன பின்னரே தேடுகிறோம். நம் வீட்டுக்கு வந்த தந்தித் தாள்களில் எத்தனை இன்று நம்மிடம் இருக்கின்றன?

முதல் நாள் உறை என்பது யாது?

புதிய தபால் தலை ஒன்று வெளியாகும் நாளிலேயே அதனை ஓர் உறையின்மேல் ஒட்டி, அந்நாளின் முத்திரையைப் பெற்றால் அது முதல் நாள் உறையாகும். இப்போது தபால் இலாகாவே ஒவ்வொரு நினைவுத் தலைக்கும் பொருத்தமான சித்திரம் அச்சிட்ட உறையையும், அந்நாளுக்கென்றே செதுக்கிய சிறப்பு முத்திரையையும், தலையிற் கண்டவரின் வரலாற்றைக் கூறும் விளக்கத் தாளையும் வழங்கி வருகிறது. சென்னை அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையம் போன்ற இடங்களில் இவற்றுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. முன்பணம் கட்டி வைத்தவர்க்குப் புதியவை வெளியாகுந்தோறும் வீட்டுக்கே அனுப்புவர்.

இவ்வழக்கம் தானே வளர்ந்தது. கறுப்புப் பென்னி மே மாதம் 6-ந் தேதி முதலே செல்லுபடியாகும் என்று விதித்திருந்தும், சில ஊர்களில் முன்னதாகவே விற்றுவிட்டனர். மே மாதம் 2-ந் தேதி முத்திரையுள்ள உறையும் கிடைத்துள்ளது. முதல் தலையின் முதல் நாளே வழக்குக்கு இடமாயிற்றென்பது சுவையான செய்தி. சித்திரம் அச்சிட்ட முதல் நாள் உறை, 1923-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஜனாதிபதி ஹார்டிங் நினைவாக வந்த தபால் தலைக்கு ஜார்ஜ் லின் என்பவர் தயாரித்ததிலிருந்து பரவியது.

முதல் நாள் உறைக்கு உறவாகிய சிறப்பு உறைகளும் உள. உலகில் விமானத்தின் மூலம் முறைப்படி தபால் சென்ற முதல் நிகழ்ச்சி நம் தேசத்திலேயே நடந்தது. 1911-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 18-ந் தேதி, அலகாபாத்திலிருந்து ஆற்றைக் கடந்து நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களைச் சுமந்து பறந்தார். அதன் முத்திரை பெற்ற உறைகளை இன்றும் உலகெங்கும் தேடுகின்றனர்.

சுதந்தரம் பெற்ற 1947-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி, புதிய தபால் தலை ஒன்றும் ஆயத்தமாயிருக்கவில்லை. ஆங்கில அரசரின் தலை பொறித்த பழைய தபால் தலைமீதே ‘ஜய் ஹிந்த்’ என்ற முத்திரை விழுந்தது. அரசரின் முகத்தின்மேல் விடுதலையின் முழக்கம்! அந்நாள் எத்தகையது என்பதை விளக்க, அவ்வொரு சிறு உறையைக் காட்டினால் போதாதோ? நம் தேசக் கொடி பொறித்த முதல் தபால் தலை அவ்வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதியே வந்தது. அதன் விலை மூன்றரையணா.

நம் சமவெளியும் தபால் தலைகளும்

தபால் தலை எங்கோ டில்லியில் முடிவாகி நாசிக்கில் அச்சாகும் பொருள். அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோருக்கு நான்கு சான்றுகள் கூறுவோம்.

முதலாவது, கணிதமேதை ஸ்ரீநிவாச ராமானுஜன். இவர் 1887-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ந் தேதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். நாமக்கல் நாமகிரித் தாயாரே இவர் குடும்பத்தின் வழிபடு தெய்வம். கடல் கடந்து செல்ல இசையாத தாயார் கோமளத்தம்மாள், நாமகிரித் தாயார் கனவில் உத்தரவளித்ததாகக் கூறியே பின்னர் இசைந்தனர் என்பது வழங்கிவரும் வரலாறு. சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் குமாஸ்தாவாயிருந்த ராமானுஜன், 1913-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 16-ந் தேதியிட்டு, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் பேராசிரியருக்குத் தம் கணிதத் தேற்றங்களை எழுதித் தபாலில் அனுப்பினார். இந்தியத் தபால் தலைகள் ஒட்டிய பெரிய உறையொன்று ஹார்டியின் மேசைக்கு வந்ததென்று அவருடைய நண்பர் ஸ்நோ பிற்காலத்தில் எழுதியுள்ளார். பரிந்துரையில்லை, பட்டமில்லை, செல்வமில்லை. தபால் ஒன்றே அவ்வேழைக் குமாஸ்தாவை உலக மேதைகளின் அவையில் அமர்த்தியது. 1918-இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினரான அவர் 1920-இல் மறைந்தார். 1962-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ந் தேதி அவர் உருவம் பொறித்த பதினைந்து நயா பைசாத் தபால் தலை வெளிவந்தது. தபாலால் உயர்ந்தவரைத் தபால் தலை சிறப்பித்தது எத்துணைப் பொருத்தம்!

இரண்டாவது, தீரன் சின்னமலை. கும்பினிப் படையை எதிர்த்து நின்ற இவ்வீரரைச் சங்ககிரிக் கோட்டையில் 1805-ஆம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதி தூக்கிலிட்டனர். சரியாக இருநூறு வருஷங்கள் கழித்து, 2005-ஆம் வருஷம் அதே ஜூலை மாதம் 31-ந் தேதி, அவர் நினைவாகத் தபால் தலை வெளியிடப்பட்டது. அம்முதல் நாள் உறையின் முத்திரையிலுள்ள தேதியைக் கண்ட சிறுவனுக்கு, அது ஏன் அத்தேதி என்று விளக்கத் தொடங்கினால், கொங்கு நாட்டுச் சரித்திரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும்.

மூன்றாவது, திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தாராகிய டாக்டர் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை ராஜதானியின் முதல் மந்திரியாயிருந்த இவர், பின்னாளில் மத்திய ஸர்க்காரில் போக்குவரத்து, தகவல் தொடர்பு இலாகாவின் மந்திரியானார். தபால் இலாகா அதனுள் அடங்கியது. அவர் அப்பதவியில் இருந்தபோதே, 1960-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் திருவள்ளுவருக்கும், செப்டம்பர் மாதம் 11-ந் தேதி பாரதியாருக்கும் தபால் தலைகள் வெளிவந்தன. பின்னர் அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1989-இல் அவருக்கே ஒரு தபால் தலை வந்தது.

நான்காவது, சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். சேலத்தில் வக்கீலாகத் தொழில் நடத்தி, 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபையின் தலைவராயிருந்து, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவியவர். அவருக்கு 1973-இல் தபால் தலை வந்ததை யாவரும் அறிவர். அதனினும் அரிய தொடர்பொன்று உண்டு. அதனை மதிப்பைப் பற்றிய பகுதியிற் சொல்லுவோம்.

மதிப்பு எதனால் உண்டாகிறது?

‘பழமையானால் விலையுண்டு’ என்பது பாமரர் கருத்து; அது பிழை. 1854-ஆம் வருஷத்து அரையணாத் தலைகள் பெருந்தொகையாக அச்சானமையால், அவற்றிற் சாதாரணமானவை எளிதிற் கிடைக்கின்றன. அதற்கு நூறு வருஷம் பிந்தியது அதனினும் பன்மடங்கு விலை போவதும் உண்டு. மதிப்பு ஐந்து பொருள்களால் அமைவது: எஞ்சியவற்றின் அருமை, விரும்புவோர் தொகை, பழுதற்ற நிலை, மெய்ம்மை, தபாலில் சென்ற வரலாறு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விலை சரியும்.

இதற்கு உரைகல்லாக விளங்குபவை காந்தியடிகள் தபால் தலைகள். அடிகள் உயிரோடிருந்தபோதே எண்ணித் தொடங்கிய இத்தலைகள், அவர் மறைவுக்குப் பின்னர் நினைவுத் தலைகளாக 1948-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி வெளிவந்தன. ஒன்றரையணா, மூன்றரையணா, பன்னிரண்டணா, பத்து ரூபாய் என நான்கு. கதராடையும் சுதேசியமும் போதித்தவரின் உருவம் சுவிட்ஜர்லாந்தில் அச்சாகி வந்ததென்பது சிலருக்கு மனக்குறையாயிற்று. ஒன்றரையணாத் தலையை ஊரெல்லாம் வாங்கியது. ஆகவே அது இன்றும் மலிவு. பத்து ரூபாய் அக்காலத்தில் பெருந்தொகையாதலின் வாங்கியோர் சிலரே. ஆகவே அதன் விலை உயர்ந்தது. நான்கு தலைகளும் ஒருங்கே ஒட்டி அந்நாள் முத்திரை பெற்ற உறையோ மிக அரிது.

இவற்றுள் ஒவ்வொன்றிலும் நூறு அளவே ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்டுக் கவர்னர் ஜெனரல் காரியாலய உபயோகத்துக்கென ஒதுக்கினர். அந்நாளில் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தவர் யார்? சேலத்து வக்கீலும் திருச்செங்கோட்டு ஆசிரமத்தாருமாகிய ராஜாஜியே! அம்மேலச்சுள்ள பத்து ரூபாய்த் தலைகள் நான்கு இணைந்த தொகுதியொன்று 2017-ஆம் வருஷம் லண்டன் வர்த்தகர் மூலம் ஐந்து லக்ஷம் பவுனுக்கு விற்பனையாயிற்று. நம் நாணயத்தில் அப்போது நான்கு கோடி ரூபாய்க்கு மேல். நாற்பது ரூபாய் முகவிலையுள்ள நான்கு காகிதத் துண்டுகள் அவை. தொகை குறைவும், காந்தியடிகள்பால் உலகம் கொண்ட அன்பும், பழுதற்ற நிலையும், ஐயமற்ற மெய்ம்மையும் ஒருங்கு கூடியமையே அவ்விலைக்குக் காரணம்.

இதனைக் கேட்டு, நம் வீட்டு ஆல்பத்திலுள்ள முதல் நாள் உறைகளும் கோடி பெறும் என்று எண்ணற்க. கடந்த அறுபது எழுபது வருஷங்களாக வந்த உறைகளிற் பெரும்பாலானவை ஏராளமாக அச்சாகி, அவற்றை வாங்கியோர் யாவரும் பத்திரமாகவே வைத்திருக்கின்றனர். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அரிதாவது எங்ஙனம்? ஆதலின், ‘பிள்ளையின் கல்யாணச் செலவுக்கு உதவும்’ என்று கடன்பட்டு உறைகளை வாங்கிக் குவிப்பது அறிவுடைமையன்று. அறிவுக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் சேகரிப்போர்க்குப் பின்னாளில் விலையும் கிடைத்தால் அது மேல் வருமானமேயாகும்.

முதல் நாள் உறையை மதிப்பிடுவோர் காண்பவை இவை: தலை வெளியான தேதியும் முத்திரைத் தேதியும் ஒத்திருத்தல்; முத்திரை தெளிவாக விழுந்திருத்தல்; உறையில் கறையும் மடிப்பும் பூச்சியரிப்பும் இன்மை; அவ்வெளியீட்டைச் சேர்ந்த எல்லாத் தலைகளும் ஒட்டியிருத்தல்; விளக்கத் தாள் உடனிருத்தல்; உறை மெய்யாகவே தபாலிற் சென்றதா என்பது. தனித் தலையிலோ பல் விளிம்பு முழுமையாயிருக்கிறதா, படம் நடுவில் அமைந்துளதா, பின்புறக் கோந்து பழுதின்றியுளதா, காகிதத்தின் நீர்க்குறி உரியதுதானா என்று பார்ப்பர். விலைப்பட்டியலில் அச்சிட்ட விலை பழுதற்றதற்கே உரியது. வர்த்தகர் வாங்கும் விலை அதனினும் மிகக் குறையும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

போலிகளும் பல. சாதாரணக் காந்தித் தலைமேல் பொய் மேலச்சிடுவோரும், முத்திரையை மருந்தால் கழுவிப் புதியதென்று விற்போரும், பின்புறத்தில் புதுக்கோந்து பூசுவோரும் உளர். நேதாஜியின் இயக்கத்துக்காக ஜெர்மனியில் அச்சிட்ட ஆஸாத் ஹிந்த் தபால் தலைகள் ஒருபோதும் தபாலில் வழங்கவில்லை. ஆகவே, அவற்றை ஒட்டி முத்திரையிட்ட பழைய உறையென்று எவரேனும் காட்டினால் கைப்பொருளை இறுக மூடிக்கொள்ளுக. பெரும் விலைக்கு வாங்குமுன்னும் விற்குமுன்னும் இருவரையேனும் தனித்தனியே கேட்டறிதல் நலம்.

கடல் கடந்த கடிதங்கள்

இனி நம் இல்லங்களுக்கு நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். பஞ்சத்தாலும் கடனாலும் சேலம் ஜில்லாவிலிருந்து பல்லாயிரவர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயாவுக்கும், பர்மாவுக்கும் சென்றனர். அவர்கள் எழுதிய கடிதங்களே அவ்வாழ்வின் நேர்ச்சான்று. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய இடங்களில் 1867 வரை இந்தியத் தபால் தலைகளே வழங்கின. அவற்றின்மேல் ஊர்ப்பெயருக்குப் பதிலாக எண் பொறித்த முத்திரை விழுந்ததும் உண்டு. ‘பி 172’ என்பது சிங்கப்பூரைக் குறித்தது. பர்மாவிலும் 1937-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி அது தனிநாடாகப் பிரியும் வரையில் இந்தியத் தபால் தலைகளே வழங்கின. பிரிந்தவுடன் அரசர் தலைகள்மேல் ‘பர்மா’ என்று மேலச்சிட்டனர்.

இதனால் விளங்குவது யாது? ரங்கூனிலிருந்து 1930-இல் நாமக்கல்லுக்கு வந்த உறையின் தலையைக் கிழித்துத் தனியே எடுத்தால், அது கடைத்தெருவிற் கூடை கூடையாகக் கிடைக்கும் சாதாரண இந்தியத் தலையாகிவிடும். உறையோடு விட்டாலோ, ரங்கூன் முத்திரை, கப்பலேறிய தேதி, நாமக்கல் சேர்ந்த தேதி, விலாசத்தில் எழுதிய தெருப்பெயர், எழுதியவர் கையெழுத்து யாவும் ஒருங்கே நிற்கும். இரண்டாம் உலக யுத்தக் காலத்துக் கடிதங்களில், தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்து ஒட்டிய தாளும் முத்திரையும் காணப்படும். 1942-இல் ஜப்பானியர் மலேயாவையும் பர்மாவையும் கைப்பற்றிய பின்னர்க் கடிதங்கள் அற்றுப்போயின. ஒரு குடும்பத்தின் கடிதக் கட்டில் 1941-க்குப் பின் ஒன்றுமின்றி, 1945-க்குப் பின் மீண்டும் தொடங்குமாயின், அவ்விடைவெளியே ஒரு சரித்திரம். நடந்தே வந்தவர் எத்தனை பேர், வாராதவர் எத்தனை பேர் என்று அவ்வெற்றிடம் நம்மை வினவுகிறது. அத்தகைய கட்டு ஒன்றின் விலை எந்தப் பட்டியலிலும் அச்சாகாது.

செய்யத்தக்கவை

ஆதலின் நம் சங்கத்து அன்பர்களுக்கும் தாய்மார்களுக்கும் நாம் வேண்டிக்கொள்வன சில. உறையிலிருந்து தபால் தலையைக் கிழித்தெடுக்கலாகாது. கடிதத்தை உறையினின்றும் பிரித்துப் போடலாகாது. செல்லோடேப்பும் வீட்டுப் பசையும் தொடவே கூடாது. கண்ணாடிக் காகிதத்தில் சூடேற்றி மூடும் லாமினேஷன் முறையும் காகிதத்தைக் கெடுக்கும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், தரையினின்றும் சுவரினின்றும் விலக்கி வைத்து, வருஷத்துக்கு இருமுறையேனும் எடுத்துப் பார்க்கவேண்டும். தலைகளைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுப்பது முறை. எழுதியவர் யார், பெற்றவர் யார், என்ன உறவு என்பதைப் பெரியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வைத்தல் எல்லாவற்றினும் முக்கியம். பெயர் தெரியாத கடிதம் தாய்தந்தையரற்ற பிள்ளை போன்றது.

பாகப்பிரிவினையில் நகைக்கும் நிலத்துக்கும் சண்டையிடும் நாம், கடிதப் பெட்டியை யாரும் கேளாமல் விட்டுவிடுகிறோம். அதனை ஒருவர் பொறுப்பில் முழுதாக ஒப்புவித்து, மற்றவர் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்; கைப்பேசி இல்லாத வீடு இக்காலத்தில் ஏது? விற்றே தீரவேண்டிய நிலை வந்தால், எடைக்கு விற்காமல், பட்டியலிட்டு, விஷயமறிந்தவரிடம் காட்டி, அதன் பின்னர் விற்கலாம். வறுமையில் விற்பது குற்றமன்று. அறியாமையில் விற்பதே குற்றம்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்களில் ஒரு மூலையில் ஒரு மேசையிட்டு, நம் குடும்பங்களிலுள்ள பழைய உறைகளையும் முதல் நாள் உறைகளையும் காட்சிக்கு வைத்தால் என்ன? சிறுவர் சிறுமியர் ஆளுக்கொரு தபால் தலையைப் பற்றி நான்கு வாக்கியம் பேசட்டும். ராமானுஜனைப் பற்றிப் பேசும் சிறுமி நாமகிரித் தாயாரையும் கேம்பிரிட்ஜையும் ஒரே மூச்சில் அறிவாள். ரங்கூன் உறையைக் காட்டும் சிறுவன், தன் கொள்ளுப்பாட்டனார் கப்பலேறிய காரணத்தைத் தன் பாட்டியிடம் கேட்டறிவான். செலவு ஒன்றுமில்லை, கிடைக்கும் பயனோ பெரிது.

கடிதம் எழுதும் வழக்கம் நம் கண்முன்னேயே அருகி வருகிறது. நம் பேரர்க்கு நாம் விட்டுச்செல்லும் பெட்டியில் நம் கையெழுத்துக் கடிதம் ஒன்றேனும் இருக்குமோ என்பது ஐயமே. நம் முன்னோர் நமக்கு அவ்வாறு விடவில்லை. அரையணாவும் காலணாவும் செலவிட்டுத் தம் இன்ப துன்பங்களை நமக்கு எழுதி வைத்துச் சென்றனர். அவற்றைப் பெற்றுக்கொள்ள வேண்டிய விலாசதாரர் இன்று நாமே. வந்த தபாலைப் பெற்றுக்கொள்ளாமல் திருப்பியனுப்புவது நமக்கு அழகன்று. ஒவ்வோர் இல்லத்தாரும் இவ்வாரமே பரண்மேலுள்ள பெட்டியை இறக்கித் தூசு துடைத்துப் பார்ப்பாராக.